கையால் கட்டிய வானூர்தி

நுழையும்முன்

ரேடியோ அலைகளால் இயங்கும் மாதிரி விமானத்தைக் கடையில் வாங்கி அன்றைக்கே பறக்கவிடலாம். அதையே வரைபடத்தைப் பார்த்துக் கையால் கட்டிப் பறக்கவிடுவதற்குப் பல வாரங்கள் ஆகும். எளிய வழி ஒன்று இருக்கும்போது கடினமான வழியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? இவ்வினாவை முன்வைத்து, செய்து கற்றலின் தேவையை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

மூன்று வழிகள்

மாதிரி விமானம் பறக்கவிட விரும்பும் மாணவருக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. பறப்பதற்கு ஆயத்தமான நிலையில் விற்கப்படும் விமானத்தை வாங்குவது முதல் வழி. மின்கலத்தில் மின்னேற்றம் செய்துவிட்டால் போதும், அது பறந்துவிடும். வெட்டப்பட்ட பாகங்களும் வரைபடமும் அடங்கிய பெட்டியை வாங்கி, பாகங்களை ஒட்டிச் சேர்ப்பது இரண்டாவது வழி. இப்பெட்டியைக் ‘கிட்’ என்பர். வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பாகங்களையும் தானே வெட்டி முழு விமானத்தையும் உருவாக்குவது மூன்றாவது வழி.

முதல் வழியே சிறந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். காலம் மிச்சமாகிறது, விமானமும் நேர்த்தியாக இருக்கிறது, பறத்தல்தானே நோக்கம் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் ஒரு குறை உள்ளது. முதன்முதலாகப் பறக்கவிடுபவரின் விமானம் பெரும்பாலும் தரையில் மோதும். அந்நேரத்தில், விமானத்தை வாங்கியவரின் கையில் இருப்பது உடைந்த பொருள்; கட்டியவரின் கையில் இருப்பது முடிக்க வேண்டிய வேலை. கட்டத் தெரிந்தவருக்குச் சீராக்கத் தெரியும். சீராக்கத் தெரிந்தவர் விழுவதற்கு அஞ்சுவதில்லை. அந்த அச்சம் நீங்கிய பின்னரே பறக்கவிடும் கலை கைவருகிறது. ஆகவே, கற்க விரும்பும் மாணவர் தம் முதல் விமானத்தைக் கட்டித் தொடங்குவதே முறையாகும்.

சிறுவர் பொருளா, ஆய்வுக் கருவியா?

மாதிரி விமானத்தை விளையாட்டுப் பொருளாகக் கருதுவோர், பறத்தலின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் வேண்டும். மனிதனைச் சுமந்த விமானத்திற்கு நெடுங்காலம் முன்பே மாதிரி விமானம் பறந்துவிட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கெய்லி 1804ஆம் ஆண்டிலேயே நிலைத்த இறக்கையும் திருப்பத்தக்க வாலும் கொண்ட சிறிய மிதவை விமானத்தைச் செய்து பறக்கவிட்டார். பிரான்சு நாட்டின் அல்போன்சு பெனோ 1871ஆம் ஆண்டில் முறுக்கிய ரப்பர் இழையால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பாரிசு நகரத் தோட்டமொன்றில் 11 நொடிகள் பறக்கவிட்டார். அதன் இறக்கை நுனிகள் மேல்நோக்கி வளைந்திருந்தன. பின்னால் சிறிய வால் இருந்தது. காற்றில் சாய்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும் தன்மையை அவ்வமைப்பு அதற்கு அளித்தது.

ரைட் சகோதரர்களின் கதையும் இங்கிருந்தே தொடங்குகிறது. 1878ஆம் ஆண்டில் அவர்களின் தந்தை, பெனோவின் வடிவமைப்பைப் பின்பற்றிய பறக்கும் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் இழை ஆகியவற்றாலான அப்பொம்மை நெடுநாள் நீடிக்கவில்லை. சிறுவர் இருவரும் அதைப் பார்த்துத் தாமே புதியவற்றைச் செய்தனர். அளவைப் பெரிதாக்கியபோது அவை சரிவரப் பறக்கவில்லை. நீளமும் அகலமும் இருமடங்கானால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும் என்பதை அப்போது அறிந்திருக்கவில்லை என்று பிற்காலத்தில் அவர்கள் குறிப்பிட்டனர். கையால் செய்து பார்த்ததனால்தான் அந்த வினா அவர்கள் உள்ளத்தில் எழுந்தது.

அவர்கள் வளர்ந்து பெரிய மிதவை விமானங்களைக் கட்டியபோதும் மாதிரிகளைக் கைவிடவில்லை. 1901ஆம் ஆண்டின் மிதவை விமானம் எதிர்பார்த்த அளவு தூக்குவிசையைத் தரவில்லை. உடனே அவர்கள் மரப்பெட்டியொன்றைக் காற்றுச் சுரங்கமாக அமைத்து, ஏறத்தாழ 200 சிறிய இறக்கை வடிவங்களைச் செய்து ஒவ்வொன்றையும் ஆய்ந்தனர். 1903 டிசம்பர் 17ஆம் நாள் 12 நொடிகள் நிகழ்ந்த முதல் பறத்தலுக்குப் பின்னால் இந்தச் சிற்றிறக்கைகளின் உழைப்பு இருந்தது.

விண்வெளிக் காலத்திலும் இந்நிலை மாறவில்லை. விண்வெளி ஓடத்தைப் போயிங் 747 விமானத்தின் முதுகில் ஏற்றிச் செல்லலாம் என்ற கருத்து எழுந்தபோது பலருக்கு ஐயம் இருந்தது. நாசா பொறியாளர் ஜான் கைக்கர் இரண்டுக்கும் சிறிய மாதிரிகளைக் கட்டி, ரேடியோ கட்டுப்பாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டு, மேலே இருந்ததை வானில் பிரித்தும் காட்டினார். 1977ஆம் ஆண்டில் உண்மையான விண்வெளி ஓடம் அவ்வாறே விமானத்தின் முதுகிலிருந்து பிரிந்து தரையிறங்கியது.

வரைபடம் என்னும் மொழி

மாதிரி விமானம் கட்டும் வேலை வரைபடத்தைப் படிப்பதில் தொடங்குகிறது. இதன் வரைபடம் பெரும்பாலும் உண்மை அளவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஊசி இறங்கும் மென்பலகையின்மீது அதை விரித்து, பசை ஒட்டாதிருக்க அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்ப வேண்டும். பின்னர் ஒவ்வொரு மரச்சட்டத்தையும் கோட்டின்மேல் வைத்து ஊசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். இறக்கையின் நீளத்திற்கு ஓடும் முதுகுச்சட்டமும், அதற்குக் குறுக்கே வரிசையாக நிற்கும் விலாச்சட்டங்களும் சேரும்போது, காகிதத்தில் கோடாக இருந்தது கையில் எடுக்கத்தக்க வடிவமாகிறது.

இவ்வேலையில் தொடக்க நிலையினர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. பல வரைபடங்களில் ஒரு பக்க இறக்கை மட்டுமே வரையப்பட்டிருக்கும். அதே கோட்டின்மீது இரண்டையும் கட்டினால், இரண்டும் இடப்பக்க இறக்கைகளாகவே அமைந்துவிடும். வலப்பக்க இறக்கைக்கு வரைபடத்தைத் திருப்பிப் போட வேண்டும். கோடுகள் மறுபக்கம் தெரிவதற்காகத் தாளில் சிறிது எண்ணெய் தடவுவது மரபு. கண்ணாடிப் பிம்பம் என்பதன் பொருளை ஒருமுறை இரண்டு இடப்பக்க இறக்கைகளைக் கட்டிவிட்டவர் வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை.

வரைபடத்தில் உள்ள சிறு அம்புக்குறிகூடப் பொருள் பொதிந்தது. மரத்தின் இழை ஓடும் திசையை அது காட்டுகிறது. இழையின் போக்கில் வெட்டிய சட்டம் வளைந்து கொடுக்கும். குறுக்கே வெட்டியது சிறு விசைக்கே முறிந்துவிடும். அம்புக்குறியைக் கவனியாமல் வெட்டிய பாகம் அளவில் சரியாக இருந்தாலும் வலிமையில் பிழையானது. ஒரு குறியீட்டுக்கும் ஒரு பொருளின் இயல்புக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் பாடம் அரிது.

வரைபலகையின் அருமையை உணர்ந்தவர்களுள் ஒருவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்றபோது, தாழ்வாகப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருடைய குழுவுக்கு அளிக்கப்பட்டது. பணியில் நிறைவு கொள்ளாத பேராசிரியர் அதை முடிக்க மூன்று நாள் கெடு விதித்ததையும், ஊணும் உறக்கமும் மறந்து வரைபலகையில் உழைத்ததையும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவர் பதிவுசெய்துள்ளார். வானூர்தி முதலில் எழுவது தாளில்தான்.

கிட் வாங்குவோருக்கும் இப்பயிற்சி கிடைக்கிறது. பாகங்கள் லேசர் கதிரால் துல்லியமாக வெட்டப்பட்டிருப்பதால் வெட்டும் உழைப்பு குறையும்; ஆயினும் வரிசை, பொருத்தம், நேர்மை ஆகியவற்றைக் கட்டுபவரே காக்க வேண்டும். முதல் விமானத்தைக் கிட்டிலிருந்தும், இரண்டாவதை வரைபடத்திலிருந்தும் கட்டுவது பொருத்தமான வரிசையாகும்.

எடை என்னும் கணக்கு

மாதிரி விமானத்திற்குப் பெயர்பெற்றது பால்சா மரம். தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் மிகுதியாக விளையும் இம்மரம் சில ஆண்டுகளிலேயே நெடிதுயர்ந்து வளரும். எடையோ மிகக் குறைவு. ‘பால்சா’ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு மிதவை என்பது பொருள். 1947ஆம் ஆண்டில் தோர் ஹெயர்டால் பசிபிக் பெருங்கடலில் பயணம் செய்த ‘கான்-டிக்கி’ மிதவை இம்மரத்தின் அடிமரங்களால் கட்டப்பட்டதே. இரண்டாம் உலகப்போரில் பறந்த ‘மொஸ்கிட்டோ’ விமானத்தின் உடற்பகுதியிலும் மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கு இடையில் பால்சா வைக்கப்பட்டிருந்தது.

எடை ஏன் இவ்வளவு முதன்மை பெறுகிறது? ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். ஒரு மாதிரி விமானத்தின் இறக்கை நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பரப்பு 2,400 சதுர சென்டிமீட்டர். எடை 720 கிராம் ஆனால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 0.3 கிராமைத் தாங்க வேண்டும். பசையை அள்ளிப் பூசியும், தேவைக்கு மேல் தடித்த மரத்தைப் பயன்படுத்தியும் அதே விமானத்தை 960 கிராமாகக் கட்டிவிட்டால், அச்சுமை 0.4 கிராமாக உயரும். விமானம் விழாமல் மிதப்பதற்குத் தேவையான குறைந்த அளவு வேகம், இச்சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து உயரும். ஆகவே அது முன்னைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் வேகத்தில்தான் தரையிறங்க முடியும். எடையும் கூடி, வேகமும் கூடுவதால், தரையைத் தொடும் கணத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. வலிமைக்காகச் சேர்த்த எடையே விமானம் உடைவதற்குக் காரணமாகிவிடுகிறது.

எடை எங்கே இருக்கிறது என்பது அடுத்த வினா. தொடக்கநிலை விமானங்களில் நிறை மையம், இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அமைவது வழக்கம். மேற்கண்ட விமானத்தில் அது 5 முதல் 6.7 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அவ்விடத்தில் இரு விரல்களால் இறக்கையைத் தாங்கிப் பிடித்தால் விமானம் சமமாகவோ, மூக்குச் சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். முன்கனம் கூடிய விமானம் சிரமப்பட்டுப் பறக்கும். பின்கனம் கூடியது பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் பறக்கும் என்பது மாதிரி விமானம் கட்டுவோர் பட்டறிந்த உண்மை.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் திருப்பு விசை இங்கே உயிர் பெறுகிறது. வால், நிறை மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னாலும், மூக்கு 20 சென்டிமீட்டர் முன்னாலும் இருப்பதாகக் கொண்டால், வாலில் கவனக்குறைவாகச் சேர்ந்த 10 கிராம் பசையை ஈடுசெய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். பத்துக் கிராம் பிழைக்கு விமானம் சுமப்பது நாற்பது கிராம். தேர்வுத்தாளில் இக்கணக்கைத் தவறாகச் செய்தால் மதிப்பெண் குறையும். விமானத்தில் தவறாகச் செய்தால் பல வார உழைப்பு வயலில் சிதறும். அதனாலேயே அக்கணக்கு மனத்தில் நிலைக்கிறது.

செலுத்தக் கற்றல்

கட்டிய விமானத்தைச் செலுத்துவது தனிக்கலை. தரையில் நிற்பவர் கையிலுள்ள கருவி ரேடியோ அலைகளாகக் கட்டளைகளை அனுப்புகிறது. விமானத்திலுள்ள ஏற்பி அவற்றைப் பெற்று, ‘செர்வோ’ எனப்படும் சிறு மோட்டார்களுக்கு அளிக்கிறது. அவை கம்பிகளின் வழியே வாலிலுள்ள உயர்த்தியையும் சுக்கானையும் அசைக்கின்றன. முன்னாளில் ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கினால் பறந்துகொண்டிருந்த விமானம் கட்டுப்பாடிழந்து விழும். இன்று 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கருவிகள் ஒன்றோடொன்று மோதாதவாறு தாமே வழி அமைத்துக்கொள்கின்றன.

முதல் விமானத்திற்கு மூன்று கட்டளைகள் போதும்: மோட்டாரின் வேகம், உயர்த்தி, சுக்கான். இறக்கை உடலின் மேற்புறத்தில் அமைந்து, இரு நுனிகளும் சற்று மேல்நோக்கி உயர்ந்திருந்தால், கைப்பிடியை விட்டாலும் விமானம் தானே நிமிர்ந்துவிடும். பெனோ 1871இல் பயன்படுத்திய அதே உத்தி, இன்றும் புதியவரைக் காக்கிறது.

புதியவரைத் தடுமாறச் செய்வது விமானம் திரும்பி வரும் நேரம். விலகிச் செல்லும்போது அதன் வலம் செலுத்துபவரின் வலம். எதிர்நோக்கி வரும்போது அதன் வலம் செலுத்துபவரின் இடம். இந்த மாற்றத்தை அறிவு உடனே புரிந்துகொள்ளும். விரல்கள் புரிந்துகொள்ள நாள்கள் ஆகும். கணினியில் பறத்தல் பயிற்சி மென்பொருளைப் பயன்படுத்துவதும், முதல் பறத்தலின்போது பயிற்சி பெற்ற ஒருவரை அருகில் வைத்துக்கொள்வதும் இதற்குத் துணைபுரியும்.

தெரியுமா?

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைத் தச்சனைக் கொண்டு செய்விக்கிறான். பொறியைத் திருகி ஏற்றவும் இறக்கவும் விசயை முன்னரே பழகிக்கொள்கிறாள். கட்டியங்காரன் சூழ்ந்த வேளையில் அவள் தப்பிச் செல்ல அப்பொறியே உதவுகிறது. ஆபத்து வருமுன் பயிற்சி வேண்டும் என்னும் பாடம் அக்காப்பியக் காட்சியில் அடங்கியுள்ளது.

ஒடிதலும் ஒட்டுதலும்

மனித ஆற்றலால் மட்டுமே பறக்கும் விமானத்திற்கு 1959ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொழிலதிபர் ஹென்றி கிரெமர் ஒரு பரிசை அறிவித்தார். அரைமைல் இடைவெளியில் நிற்கும் இரு கம்பங்களை எட்டு வடிவில் சுற்றி வர வேண்டும் என்பது போட்டி. பல்கலைக்கழகக் குழுக்களும் பொறியாளர்களும் முயன்றனர். அவர்கள் கட்டிய விமானங்கள் அழகும் நுட்பமும் வாய்ந்தவை. ஆனால், ஒருமுறை ஒடிந்தால் சீராக்குவதற்கு மாதக்கணக்கில் காலம் சென்றது. ஏறத்தாழ 18 ஆண்டுகள் பரிசு எவருக்கும் கிட்டவில்லை.

இளமையில் மாதிரி விமானப் போட்டிகளில் சிறந்து விளங்கிய அமெரிக்கர் பால் மெக்ரெடி வேறு வழியில் சிந்தித்தார். அலுமினியக் குழாய், மெல்லிய கம்பி, பிளாஸ்டிக் படலம் ஆகியவற்றைக் கொண்டு, விரைவில் சீராக்கத்தக்க விமானத்தைக் கட்டினார். அது பலமுறை ஒடிந்தது. ஒவ்வொரு முறையும் சிறிது மாற்றி மீண்டும் பறக்கவிடப்பட்டது. பிறர் ஓராண்டில் கற்றதை அவர் குழு சில வாரங்களில் கற்றது. 1977 ஆகஸ்ட் 23ஆம் நாள் ‘காசமர் காண்டர்’ என்னும் அவ்விமானம் பரிசை வென்றது. 1979 ஜூன் 12ஆம் நாள் அதன் அடுத்த வடிவம் ஆங்கிலக் கால்வாயையே கடந்தது.

பறக்கும் பொருளை உருவாக்குவோருக்கு மெக்ரெடி விட்டுச்சென்ற பாடம் தெளிவானது. ஒடியாத விமானத்தைத் தேடுவதைவிட, ஒடிந்தால் ஒட்டத்தக்க விமானத்தைக் கட்டுவதே கற்பவருக்கு ஏற்றது. மாணவரின் முதல் விமானமும் இப்படித்தான் இருத்தல் வேண்டும். இறக்கையை உடலோடு இறுக்கிப் பிணைக்காமல் ரப்பர் வளையத்தால் கட்டினால், மோதும்போது அது கழன்று விலகும், முறியாது. ஒடிந்த விலாச்சட்டத்தின் அளவு வரைபடத்தில் இருக்கிறது. மாலைக்குள் புதியதை வெட்டி ஒட்டிவிடலாம். ஒட்டும்போதே ஏன் ஒடிந்தது என்னும் வினாவும் எழும். பசை காயவில்லையா? இழையின் திசை தவறா? நிறை மையம் பின்னால் சென்றுவிட்டதா? விடை தேடும் மாணவர் அறிவியலாளரின் பாதையில் அடியெடுத்து வைக்கிறார்.

தடைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எதிராக எழும் வாதங்களைப் புறக்கணித்தல் ஆகாது. முதலாவது, செலவு. ரேடியோ கருவியும் மின்கலமும் எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியவை அல்ல. இது உண்மையே. ஆயினும் விமானம் ஒடிந்தாலும் ரேடியோ கருவி தரையில் பத்திரமாக இருக்கிறது. ஏற்பியும் செர்வோக்களும் பெரும்பாலும் அடுத்த விமானத்திற்கும் பயன்படுகின்றன. பள்ளி ஒன்று வாங்கும் ஒரு கருவியைக் கொண்டு ஒரு வகுப்பே கற்கலாம். உடற்பகுதிக்குப் பால்சாதான் வேண்டும் என்பதும் இல்லை. தெர்மாகோல், ஃபோம் போர்டு, மூங்கில் குச்சி, மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பி ஆகியவற்றைக் கொண்டே நல்ல விமானம் அமைக்கலாம். மோதலைத் தாங்குவதில் இவை பால்சாவைவிட ஏற்றவை என்பதால், முதல் முயற்சிக்கு இவையே பொருந்தும். உடனே ஒட்டும் பசைகளுள் பல தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மரவேலைக்குரிய வெள்ளைப் பசையே அதற்கு ஏற்றது.

இரண்டாவது, காலம். பொதுத்தேர்வு நெருங்கும் வயதில் இது தேவையா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. பாடத்தோடு தொடர்பற்ற பொழுதுபோக்காயின் அக்கேள்வி பொருந்தும். நிறை மையமும் திருப்பு விசையும் இயக்க ஆற்றலும் ஒரே பொருளில் கூடிவரும் வேலையைப் படிப்புக்கு வெளியே நிறுத்துவது பொருந்தாது. விடுமுறைக் காலத்தில் வாரத்திற்குச் சில மணி நேரம் ஒதுக்கினாலும் ஒரு விமானம் உருவாகிவிடும்.

மூன்றாவது, பாதுகாப்பு. இதில் தளர்வுக்கு இடமில்லை. சுழலும் விசிறி விரலை வெட்டக்கூடியது. லித்தியம் மின்கலம் தவறாக மின்னேற்றினால் தீப்பற்றக்கூடியது. மின்னேற்றும்போது அருகிலேயே இருத்தலும், உப்பிய மின்கலத்தைப் பயன்படுத்தாமையும் கட்டாயம். அறுவடை முடிந்த வயலும் கோடையில் வற்றிய ஏரியும் பறக்கவிட ஏற்ற இடங்கள். மின்கம்பிகளும் மக்கள் கூட்டமும் உள்ள இடங்கள் ஏற்றவை அல்ல. காற்று அடங்கியிருக்கும் காலை வேளையே புதியவருக்கு உகந்தது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்துள்ளன. பறக்கவிடும் இடம் எம்மண்டலத்தில் உள்ளது, எவ்வகை இசைவு தேவை என்பவற்றை முன்னரே அறிந்துகொள்வது ஒவ்வொருவரின் கடமை. விதியை அறிந்து பறக்கவிடுதலும் இக்கல்வியின் ஒரு பகுதியே.

விலைக்கு வாங்கும் விமானத்தால் பயனே இல்லை என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பறக்கும் இன்பத்தை மட்டும் நாடுவோருக்கு அது போதும். விரல்களைப் பழக்குவதற்கும் அது உதவும். ஆனால், அதை வைத்துத் தொடங்கும் மாணவர் விமானத்தின் உள்ளே இருப்பதை அறியாமலேயே நின்றுவிடும் வாய்ப்பு மிகுதி. விலை கொடுத்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம், கற்றல் தொடங்குமுன்பே அதை முடித்துவிடுகிறது.

எப்படித் தொடங்கலாம்?

படிப்படியாக முன்னேறுவதே நன்று. முதலில் கையால் எறியும் சிறு மிதவை விமானத்தைத் தெர்மாகோலில் செய்து, மூக்கில் களிமண்ணை ஒட்டியும் எடுத்தும் நிறை மையத்தின் விளைவைக் காணலாம். இதற்குச் செலவு இல்லை என்றே கூறலாம். அடுத்து, ரப்பர் இழையால் இயங்கும் விமானத்தைக் கட்டலாம். அதன்பின், மேல் இறக்கை கொண்ட மூன்று கட்டளை விமானத்தைக் கிட்டிலிருந்தோ வரைபடத்திலிருந்தோ கட்டித் தக்கவர் துணையுடன் பறக்கவிடலாம். மூன்றாம் படியை அடையும் மாணவர், வரைபடத்தில் சிறு மாற்றங்களைத் தாமே செய்து பார்க்கும் துணிவையும் பெற்றிருப்பார்.

பள்ளிகள் இதற்குப் பெரிய ஆய்வகம் அமைக்க வேண்டியதில்லை. ஒரு நீண்ட மேசை, மென்பலகை, கூரிய கத்தி, அளவுகோல், மணல்தாள், ஒரு தராசு ஆகியவை போதும். அறிவியல் கண்காட்சிக்காக ஓரிரவில் வாங்கி வைக்கும் மாதிரிகளைவிட, ஓராண்டு முழுவதும் ஒடித்தும் ஒட்டியும் மாணவர் கட்டிய ஒரு விமானம் மிகுதியாகக் கற்பிக்கும். அதற்கு மதிப்பெண் வழங்குவதாயின், பறந்ததற்கு மட்டுமன்றி, ஒவ்வொரு முறை விழுந்ததற்கும் மாணவர் கண்டறிந்து எழுதிய காரணத்திற்கும் வழங்குதல் வேண்டும்.

கட்டும் கையின் வலிமை

2003 ஆகஸ்டு 9ஆம் நாள், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரையிலிருந்து ஒரு மாதிரி விமானம் எழுந்தது. எரிபொருளையும் சேர்த்து அதன் எடை 5 கிலோகிராமுக்கும் குறைவு. பால்சா மரத்தால் கட்டப்பட்டிருந்த அது, புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் ரேடியோ கட்டுப்பாட்டிலும், இடையில் செயற்கைக்கோள் வழிகாட்டலிலும் பறந்தது. ஏறத்தாழ 39 மணி நேரத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் அயர்லாந்து மண்ணில் இறங்கியது. அதை உருவாக்கிய மேனார்டு ஹில் அப்போது 77 வயதினர். பார்வையைப் பெரும்பகுதி இழந்தவர். அதற்கு முந்தைய முயற்சிகள் தோல்வியில் முடிந்திருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் கற்று அடுத்ததை அவர் கட்டினார்.

கண்ணொளி மங்கிய பின்னும் அவரைக் கைவிடாத அறிவு, பல்லாண்டுகள் மரத்தையும் பசையையும் தொட்டுத் தொட்டுக் கைகளில் சேர்ந்தது. அவ்வறிவைப் பெட்டியில் வைத்து விற்க இயலாது. அதைப் பெற விரும்பும் மாணவர் ஒரு வரைபடத்தை விரித்து, முதல் சட்டத்தை அளந்து வெட்டத் தொடங்கலாம்.